பாய்க்கு அடியில் லெமானு

லெமானுவை அடக்கம் செய்த அன்று, அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி பாதிரியார் என்னிடம் கேட்டார். முடியாது என்றுவிட்டேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அழுகையும் அப்படித்தான். சர்ச்சில் அத்தனை பேருக்கு முன்னால் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் இங்கே சொல்கிறேன்.

உப்போலுத் தீவின் தென்கரையில் எங்கள் ஊர். சாயங்காலம் மணி மூன்று முறை அடிக்கும். முதல் மணிக்கு எல்லோரும் வீட்டுக்குள் போக வேண்டும், இரண்டாவதற்கு ஜெபம் தொடங்கும், மூன்றாவது அடிக்கும்வரை ஊருக்குள் ஒரு ஆள் நடமாடக் கூடாது. நடந்தால் மறித்து உட்கார வைக்க ரோட்டில் காவல் உண்டு. அந்தக் காவலுக்குத் தலைவன் லெமானு. பூப்போட்ட வேட்டி, கையில் தடி, வாசலை அடைக்கிற உடம்பு. கறார் என்றால் அப்படியொரு கறார். ஒருமுறை சொந்த மாமியாரையே மீன் டின் பையோடு நடுரோட்டில் உட்கார வைத்தான். "மாப்ள, முட்டி வலிக்குதுய்யா" என்று அந்த அம்மா கெஞ்சியதற்கு, "ஜெபம் பண்ணுங்க அத்தை, வலி தெரியாது" என்றானாம். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"உன்னப் பாத்தா எங்க வீட்டு நாய்கூட உக்காந்துருதுடா" என்று சீண்டுவேன்.

"அதுக்காவது பயம் இருக்கே ஃபிலோ அக்கா" என்பான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், இரண்டாவது மணி அடித்து ஓய்ந்ததும் பூமி ஆடியது. நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. ஒரு ஜெபப் பாட்டை முழுதாகப் பாடி முடித்திருக்கலாம், அவ்வளவு நேரம். நான் ஊருக்கு வெளியே மேட்டில், சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் இருந்தேன். நிலம் நீளமாக ஆடினால் மணிக்கும் ரேடியோவுக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும், எதை மறந்திருந்தாலும் திரும்பி இறங்கக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். என் தங்கை லோசாவுக்கும் தெரியும். நாலு வயது மகள் லூப்பேயை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் ஓடி வந்தாள். மேட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் லெமானு நின்றிருந்தான்.

"எங்க ஓடுற? மூணாவது மணி இன்னும் அடிக்கல."

"பூமி ஆடுச்சேண்ணே. பிள்ளைய மேல கொண்டு போயிடுறேன்."

"அதான் நின்னுருச்சுல்ல. ஜெப நேரத்துல ஒன்னும் ஆகாது. உக்காரு."

லோசா உட்கார்ந்தாள். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். நானாக இருந்தால் அந்தத் தடியைப் பிடுங்கி அவன் தலையிலேயே போட்டிருப்பேன். அவளுக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அதற்குள் கடல் பின்வாங்கி, அடியில் கிடந்த பாறையெல்லாம் வெளியே தெரிந்தது. அதைக் கண்ட கரையோரத்து வீட்டுக்காரர்கள் ஜெபத்தை அப்படியே விட்டுவிட்டுத் தென்னந்தோப்பு வழியாக மேடேறிவிட்டார்கள். லெமானு நின்ற இடத்திலிருந்து கடல் தெரியாது. சொன்ன சொல்லைக் கேட்டு உட்கார்ந்தவள்தான் மாட்டிக்கொண்டாள்.

பத்து நிமிடம் போயிருக்கும். லாரியிலிருந்து கல்லைக் கொட்டுவதுபோலச் சத்தம் வந்தது. லெமானு தடியை எறிந்துவிட்டு, லூப்பேயைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். "வா, வா" என்று கத்திக்கொண்டே ஏறியிருக்கிறான். முதல் வளைவில் திரும்பிப் பார்த்தபோது பின்னால் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து அலையாத்திக் காட்டில் லோசாவை எடுத்தோம்.

அவன் அவளை உட்கார வைத்ததை யாரும் பார்க்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றியவன் என்று ஊர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. நானே அவன் கையைப் பிடித்து முத்தமிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அவன். லோசாவை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் என்னை நிறுத்தி, "நாந்தான்க்கா அவள உக்கார வச்சேன்" என்றான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

உயிர் போகிற தப்பைச் செய்தவன் எங்கள் வழக்கப்படி என்ன செய்ய வேண்டுமோ, அதை மறுநாள் விடியலில் செய்தான். தன் குடும்பத்திலேயே உயர்ந்த தாழைப் பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கூரை மட்டும் மிஞ்சியிருந்த என் வீட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். இழந்தவர்கள் பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்கும்வரை அவன் எழக் கூடாது. அந்தக் காலத்தில் விலக்காமல் வெட்டிப் போட்டதும் உண்டு. லோசாவின் புருஷன் ஆக்லாந்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. விலக்குவதும் விலக்காததும் என் கையில் இருந்தது.

உச்சிவேளையில் பாதிரியார் வந்தார். "ஃபிலோ, வெயில் ஏறுது. விலக்கிடும்மா."

"ஏறட்டும் ஐயா. என் தங்கச்சி அந்தக் கல்லுல உக்காந்திருந்தப்போ எந்திரின்னு சொல்ல யாரு வந்தா?"

அவர் வந்த வழியே போய்விட்டார்.

மூன்று மணி வாக்கில் மறுபடி பூமி ஆடியது. அன்றைக்குப் போலவே நீளமாக ஆடியது. ஊர் மொத்தமும் அலறிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. நானும் லூப்பேயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி ஏறித் திரும்பிப் பார்த்தேன். பாய் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த மடையனுக்குச் சட்டம்தானே எல்லாம்.

கிடந்து சாகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், மறைக்க மாட்டேன். நாலு அடி ஏறினேன். அதற்குமேல் கால் வரவில்லை. பிள்ளையைப் பாதிரியார் மனைவியிடம் கொடுத்துவிட்டு, இறங்கவே கூடாத பாதையில் இறங்கி ஓடினேன். பாயைப் பிடித்து இழுத்தேன்.

"எந்திரிடா மடையா! ஓடு!"

"அக்கா, மனசாரத்தான் விலக்குறியா..."

"வாய மூடிட்டு ஓடுடா!"

அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினான். அன்று கடல் வரவில்லை. மேட்டில் எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பாயை விலக்கிவிட்டாளே, என்ன பெரிய மனசு என்றார்கள். "நான் மன்னிக்கல! ஓடத்தான் சொன்னேன்!" என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. பாய் விலகிவிட்டது, வழக்கு முடிந்தது அவர்களுக்கு.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தான். தடியைத் தொடவே இல்லை. பூமி ஆடினால் எந்த மணியும் எந்த ஜெபமும் யாரையும் கட்டாது என்று ஊர்ச்சபையில் சண்டை போட்டுத் தீர்மானம் வாங்கினான். மேட்டுப்பாதைக்குத் தனியாளாகப் படி வெட்டினான். நோஞ்சான் கிழவர்களை முதுகில் சுமந்து ஏறிப் பழகினான். லூப்பே அவனை மாமா மாமா என்று சுற்றி வந்தாள். நான் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பினான். போனேன். அந்த உடம்பு பாதியாகிக் கிடந்தது.

"அக்கா, அன்னைக்குப் பாய விலக்குனது மன்னிப்பா?"

"இல்லடா. ஓடச் சொன்னேன், அவ்வளவுதான்."

"அது போதும்க்கா" என்றான். "நான் அவளுக்கு அதக்கூடச் சொல்லலியே."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலையில் போய்விட்டான். மன்னிச்சிட்டேன்டா என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வந்துவிட்டேன்.