வல்லூறு கேட்கக் கூடாத தமிழ்

போன ஞாயிறு புனே விமான் நகர் கறிக்கடையில் கோழிக்காக நின்றிருந்தேன். கடைக்காரர் உரித்த காடைகளை எடுத்து முன்னால் பரப்பி, "பட்டேர் லோ பாபி, ஏக்தம் தாஜா" என்றார். காடைக்கு இங்கே பட்டேர் என்று பெயர், புத்தம் புதுசாம். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் என் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடியது. சொன்னால் சிரிப்பீர்கள், கல்யாணமான புதிதில் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் காடையைப் பொடிப்பொடியாக நறுக்குவதில்தான் போயின. சமைப்பதற்கு அல்ல, வல்லூறுக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதற்கு.

அப்போது என் வீட்டுக்காரருக்குச் சாகணில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. எனக்கு வேலை இல்லை, ஊர் புதிது, இந்தியோ தகராறு. பொழுது போகாமல், தளேகாவுக்கு அப்பால் ஒரு குன்றடியில் இருந்த வல்லூறு வளர்ப்பு மையத்துக்கு இருவரும் உதவிக்குப் போக ஆரம்பித்தோம். லக்கர் வல்லூறு நம் நாட்டுப் பறவைதான். பழுப்பு முதுகு, கண்ணுக்குக் கீழே மீசை மாதிரி ஒரு கோடு. வெளியே குறைந்துகொண்டே வந்ததால், கூண்டில் ஜோடி சேர்த்து, குஞ்சு பொரித்ததும் வளர்த்து, பறக்க விடுவார்கள். மையத்தை நடத்தியவர் ஒரு மராட்டியக் கால்நடை டாக்டர். அவரைத் தாயி என்று கூப்பிடுவோம். மராட்டியில் அக்காவுக்கு அதுதான் சொல்.

தாயியின் சட்டம் ஒன்றுதான். மனித முகம் குஞ்சின் கண்ணில் படக் கூடாது, மனிதக் குரல் காதில் விழக் கூடாது. திரைக்குப் பின்னால் நின்று, தாய்ப்பறவை போலத் தைத்த பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, அதன் அலகால் கறித்துண்டை நீட்ட வேண்டும். சோறு போடுகிறவன் மனிதன் என்று தெரிந்துவிட்டால், பெரிதான பிறகும் பசித்தால் மனிதரைத் தேடி வந்து இறங்கும். கல்லடி படும், இல்லாவிட்டால் வலையில் மாட்டும். அதனால் வளாகத்துக்குள் பேச்சே கிடையாது. தும்மல் வந்தால்கூடக் காருக்குள் ஓடிப்போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். சாயங்காலம் கார்க் கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறப்போம். வாயாடியான எனக்கு அது பெரிய தண்டனை. இவர் வீட்டிலேயே கேட்டதற்குத்தான் பதில் சொல்வார். உங்களுக்கென்றே பிறந்த வேலை என்று கேலி செய்வேன்.

அந்த வருடம் ஒரே ஒரு குஞ்சுதான் பிழைத்தது. ஊட்டும் பொறுப்பு இவருக்கு, தினமும் வேலைக்கு முன்னும் பின்னும் போய்வந்தார். ஒருநாள் தாயி என் தோளைத் தொட்டுத் திரைப் பக்கம் கை காட்டினார். உள்ளே இவர் குரல்.

"சாப்புடு சாமி. என்ற தங்கமல்ல, மெதுவா முழுங்கு."

அசந்துபோனேன். என்னை ஒருநாளும் இவர் அப்படிக் கொஞ்சியதில்லை. தாயிக்குக் கோபம், எனக்குப் பொறாமை.

மூவரும் காருக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். "மெதுவாத்தானுங்க பேசுனேன்" என்று இவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "இங்கெ நம்ம பேச்சு ஆருக்குப் புரியப் போகுது?"

புனேயில் நம்மவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றியே வாய்விட்டுப் பேசுவோம். தமிழ் ஒரு திரை என்று நினைப்பு. குஞ்சுக்கு அந்தத் திரை எல்லாம் தெரியவில்லை. இவர் செருமினாலே வாயைப் பிளந்து கத்தியது, பொம்மையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்படியே வளர்ந்தால் ஆயுசுக்கும் கூண்டுதான் என்றார் தாயி. இவர் முகம் செத்துப்போயிற்று.

வழி ஒன்று இருந்தது. பக்கத்துக் கூண்டில் ஒரு ஜோடியின் முட்டைகள் கூமுட்டையாகிப் போயிருந்தன. குஞ்சை அந்தக் கூட்டில் வைத்தார் தாயி. சேர்த்துக்கொள்ளலாம், கொத்திக் கொன்றும் போடலாம். பெண் வல்லூறு வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் கறியைக் கிழித்து ஊட்டியது. இவருக்குக் கூண்டுப் பக்கம் போகத் தடை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்து, காருக்குள்ளேயே உட்கார்ந்து காடை உரிப்பார். விற்கும்வரை அந்தக் காரில் காடை வாடை போகவே இல்லை.

இறகு முளைத்ததும் குன்றின் உச்சிப் பாறையில் ஒரு மரப்பெட்டிக்குள் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். முன்பக்கம் கம்பி, பின்பக்கம் இரை போடும் குழாய். கம்பியை எடுப்பதற்கு முன் தாயி இவரை வரவழைத்தார். பெட்டிக்குப் பின்னால் நின்று அதே வார்த்தையை அதே குரலில் சொல்ல வேண்டும். இரை கேட்டுக் கத்தினால் திரும்பவும் கூண்டு.

இவர் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றார். தாயி முதுகில் தட்டினார்.

"சாப்புடு சாமி."

நான் ஓட்டை வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மூலையில் பதுங்கி, இறக்கையை விரித்துச் சீறியது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார் தாயி. "என்ற தங்கமல்ல" என்று இவர் சொன்னதும் இன்னும் பயந்தது. தாயி கட்டைவிரலை உயர்த்தினார். இவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மறுநாள் கம்பியை எடுத்தார்கள். சில வாரம் இரைக்கு வந்து போனது, பிறகு வரவில்லை. போட்ட இரை மிச்சமாகிக் கிடப்பதைப் பார்த்து மனிதர்கள் சந்தோஷப்பட்டதை அங்கேதான் கண்டேன்.

கறிக்கடையிலிருந்து வந்து இதை எல்லாம் சொன்னதும் இவர் கார்ச் சாவியை எடுத்தார். அந்தக் குன்றடிக்கே போனோம். தாயி இறந்து, மையத்தை மூடியும் வருடங்கள் ஆகிவிட்டன. குன்றைப் பாதிக்கு மேல் வெட்டியாயிற்று. உச்சிப் பாறை இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. கலவை இயந்திரமும் லாரியும் காதைப் பிளந்தன. இவர் இறங்கி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேட்டிருக்காது. இருவரும் வாயைத் திறக்கவில்லை.

காருக்குள் வந்து, இரண்டு கதவையும் சாத்திய பிறகுதான் இவர் பேசினார்.

"இனி வந்தாலும் அது எங்கெ உக்காரும்?"