சீசன் முடியட்டும்மா

ஒரு குழந்தைக்கு இடது கண் பார்வை போனதற்கு நான் காரணம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆமத்தூரில் எங்கள் பக்கத்து வீடு முருகேஸ்வரி. பட்டாசு ஆலைக்கு வேனில் போய் வருகிறவர். மகள் கார்த்திகாவுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒருநாள் கேட்டார்:

"சார், பாப்பாவுக்கு இடது கண்ணு ஒரு பக்கமா ஓடுது. மதுரைக்குக் கூட்டிட்டுப் போவமா? இப்பச் சீசன்... லீவு கேட்டா வைவாக."

நான் டாக்டர் இல்லை. என்ஜினீயரிங் கல்லூரியில் நியூரல் நெட்வொர்க் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். மூளையைப் பார்த்துச் செய்த கம்ப்யூட்டர் புரோகிராம் அது. அதனால் மூளையே எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு!

"சீசன் முடியட்டும்மா. மூளை எப்ப வேணாலும் கத்துக்கும்" என்றேன்.

எங்கள் பக்கம் எல்லாமே அப்படித்தானே? கல்யாணம், பல்வலி, கூரைக்கு ஓடு மாற்றுவது — எல்லாம் தீபாவளி சீசன் முடிந்து. முடிந்ததும் அடுத்த சீசனுக்கு ஆர்டர் வந்துவிடும். அவர் மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னேன்.

எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதித்தார்கள். வலது கண்ணை மூடியதும், போர்டில் எழுத்தே இல்லை என்றிருக்கிறாள்.

மதுரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிட்டதாம்.

நான் நடத்திய பாடத்தில் அடுக்குகளையும் இணைப்புகளையும் முதலிலேயே நாம் அமைத்துவிடுவோம். கற்கும்போது மாறுவது இணைப்புகளின் பலம் மட்டும். தப்பாகக் கற்றதா? அழித்துவிட்டு நாளைக்கு முதலிலிருந்து... குழந்தையின் மூளை அப்படியா? பார்க்கப் பார்க்கத்தான் அங்கே வயரிங்கே உறுதியாகிறது. பார்க்காத கண்ணின் இடத்தை மற்றொரு கண் பிடித்துக்கொள்கிறது. வயது ஏற ஏற எல்லாம் இறுகிவிடுகிறது. அழித்து எழுதப் பொத்தான் கிடையாது.

"நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மறைத்து வையுங்கள். வருகிற பார்வை வரட்டும்" என்றார் டாக்டர். அந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் வலது கண்ணில் பிளாஸ்திரி ஒட்டி, காலண்டரில் தேதி தேடச் சொல்வேன்.

"தெரியுற கண்ண மூடிட்டு, தெரியாத கண்ணால பாருன்னா எப்படி தாத்தா? உங்களுக்கு மரை கழண்டுருச்சா?"

முருகேஸ்வரி ஒருநாளும் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஒரு வருஷத்தில் பெரிய தேதி எண்கள் தெரிந்தன. கீழே இருந்த சின்ன எழுத்து தெரியவேயில்லை. இவ்வளவுதான் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கிலி. பட்டாசு ஊரில் நல்ல கண் ஒன்றே ஒன்று! எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் "கண்ணு, கண்ணு!" என்று கத்திக்கொண்டு அவளிடம் ஓடினேன்.

போன வாரம் தெருவில் கல்யாண ஊர்வலம். சரவெடி கொளுத்தினார்கள். கார்த்திகா வீட்டுக்குள்தான் இருந்தாள், சன்னல்கூடச் சாத்தியிருந்தது. ஆனாலும் இரண்டு கையாலும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். சத்தம் ஓய்ந்த பிறகும் வெளியே வரவில்லை.

முருகேஸ்வரி முதல்முறையாக என் மேல் கோபப்பட்டார்.

"இந்த ஊருல வெடிக்குப் பயந்தா எங்கன சார் போயிப் பொழைப்பா? இத யாரு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

நான்தான். இதை மட்டும் அவள் உடனே கற்றுக்கொண்டாள்.