திருத்தியவர் பெயர்

“ஒருத்தி வருஷம் பூரா செஞ்ச வேலை அடுத்தவங்க பேர்ல இருந்தா, தப்பு யாரோடது? எடுத்துக்கிட்டவங்களோடதா, கொடுத்தவளோடதா?”

தங்கை இப்படிக் கேட்டபோது அவள் கையில் அக்காவின் வேலைநீக்கக் கடிதம் இருந்தது.

அக்காவும் தங்கையும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். யாராவது உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தால் எந்த ஆம்புலன்ஸ் போக வேண்டும் என்று முடிவு செய்யும் மென்பொருள் அங்கேதான் உருவானது. அக்கா நிரல் எழுதுகிறவள். தங்கை அதைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிறவள். அலுவலகத்தில் அக்காவுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. யாருக்காவது பிறந்தநாள் கேக் வெட்டினால்கூட ஜெராக்ஸ் அறைக்குள் போய் நின்றுகொள்வாள். கைதட்டல் கேட்டாலே அவளுக்குக் காது சிவந்துவிடும்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாருக்காவது பிழை பிடிபடவில்லை என்றால், அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவருடைய கணினியிலேயே திருத்திக் கொடுத்துவிடுவாள். பிழைப் பட்டியலில் ‘திருத்தியவர்’ என்ற இடத்தில் அந்தக் கணினிக்காரரின் பெயர் விழும். கேட்டால், “அவங்க தப்பை நான் திருத்தினேன்னு தண்டோரா போடணுமா?” என்பாள்.

வருடக் கடைசியில் மேலாளர் அந்தப் பட்டியலை எடுத்து எண்ணினார். அதிகம் திருத்தியவருக்குக் கேடயம், குறைவாகத் திருத்தியவருக்குக் கடிதம். கேடயம் குழுத் தலைவருக்குப் போனது. எந்தக் கூட்டத்திலும் முதலில் ஒலிவாங்கியைப் பிடிப்பவர் என்பதால் அவருக்கு ‘மைக்’ என்று பெயர். அக்காவின் கணக்கில் இருந்தவை நான்கு.

“நாலு! வருஷம் பூரா நாலே நாலுதான் செஞ்சியாம்!” வீட்டுச் சமையலறையில் தங்கை கொதித்தாள்.

“கத்தாதேடி, அப்பா காதுல விழும்.”

“விழட்டும்! உன் சம்பளத்துலதானே இந்த வீடு ஓடுது?”

“வேற வேலை கிடைக்கும்.”

“எங்கே? நேர்காணல்ல வாயைத் திறப்பியா நீ?”

அக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

தங்கையிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் முடித்துவிட்டு அவள் மேசைக்கு வந்து, “போட்டுட்டேன், பார்த்துடு” என்று சொன்னவர் யார் என்று அதில் குறித்து வைத்திருந்தாள். அந்த வருடம் மட்டும் நூற்றெண்பத்தேழு முறை வந்து சொன்னது அக்காதான். மறுநாள் காலை அதை மேலாளர் முன்னால் வைத்தாள்.

“நோட்டுல யார் வேணா எழுதலாம்மா. நீங்க அவங்க தங்கச்சி வேற.”

“அப்போ எதை சார் நம்புவீங்க?”

“பட்டியல்ல இருக்கற பேரை. யார் பேர் இருக்கோ அவங்கதான் மாத்த முடியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டியலை மூடிடுவோம்.”

தங்கை மேசை மேசையாகப் போவது என்று முடிவு செய்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அதை மட்டும் செய்யாதே. எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க.”

“பார்க்கட்டும். கண்ணு கடிக்காது.”

முதல் மேசை கண்ணாடி போட்ட ஒருவருடையது. அவர் நோட்டை வெகுநேரம் புரட்டினார். “நான்தான் செஞ்சேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்மா,” என்றார். வெட்கத்துடன் முப்பத்தொரு பெயரை மாற்றினார்.

அடுத்து, சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண். அவள் கண் கலங்கிவிட்டது. “என் பேர்ல பதினாலு இருக்குக்கா. அதுல பன்னண்டு அவங்க செஞ்சது. எல்லாத்தையும் மாத்தினா அடுத்த கடிதம் எனக்குத்தான்.”

அதுவரை திட்டிக்கொண்டே வந்த தங்கை நோட்டை மூடிவிட்டாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆறு மாத்தறேன், ஆறு வெச்சுக்கறேன்,” என்றாள். தங்கை சரி என்றாள். அவள் கோபமெல்லாம் இப்போது பட்டியலை எண்ணியவர் மேல் திரும்பியது.

மற்ற மேசைகளிலும் பெயர்களை மாற்ற வைத்துவிட்டுக் கடைசியாக மைக்கிடம் போனாள். அவர் சிரித்தபடி நாற்காலியைக் காட்டினார். “இதெல்லாம் கூட்டு வேலைம்மா. என் பேரு, உன் பேருன்னு பிரிக்கலாமா?”

“கேடயத்துல மட்டும் எப்படி சார் பிரிஞ்சுது?”

“அவங்கதானே பேர் வேண்டாம்னாங்க?”

அதுவும் உண்மைதான். உண்மை என்பதால்தான் தங்கைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “போன மாசம் ஒரே வீட்டுக்கு ரெண்டு வண்டி போச்சே, பக்கத்துத் தெருவுக்கு ஒண்ணுகூடப் போகலையே. அதை எப்படித் திருத்தினீங்க? சொல்லுங்க.”

“அது… பெரிய கதை,” என்று அவர் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஒரு பெயரைக்கூட மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காவின் கணக்கு நூற்றுப்பதினெட்டாகியிருந்தது. மேலாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. “திங்கட்கிழமை உங்களை மேடையில ஏத்தி ஒரு படம் எடுத்துடலாம்,” என்றார்.

“மேடை வேண்டாம் சார்,” என்றாள் அக்கா. “அந்த ரெண்டு வண்டித் திருத்தம் குழுத் தலைவர் பேர்ல இருக்கு. அதை மட்டும் என் பேருக்கு மாத்தச் சொல்லுங்க.”

தங்கை திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். அக்கா மேலாளரைப் பார்த்தே தொடர்ந்தாள்.

“நாளைக்கு அது மறுபடி கெட்டா, பட்டியலைப் பார்த்து அவரைத்தான் கூப்பிடுவீங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவர் தேடிக்கிட்டு இருக்கற நேரத்துல ஒருத்தர் வாசல்ல வண்டிக்காகக் காத்துக்கிட்டு இருப்பார்.”

மேலாளர் மைக்கை அழைத்தார். மைக் வந்தார், மாற்றினார், போனார். அன்று அவர் பேசவே இல்லை. கேடயம் மட்டும் இன்னும் அவர் மேசைமேல்தான் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தங்கை பல்லைக் கடித்துக்கொள்கிறாள். நியாயமான கோபம்தான்.

உங்கள் பக்கத்திலும் இப்படி ஒருவர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அவரை மேடைக்கு இழுக்காதீர்கள், செய்தவர் பெயரைச் சரியாக எழுதுங்கள், போதும். இந்தக் கதையை உங்கள் அலுவலகத்தில் பட்டியல் எண்ணுகிறவருக்குச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.