ஃபிரிஜ்ஜில் கிணற்றுத் தண்ணீர்

அலுவலக ஃபிரிஜ்ஜில் யாரோ பெயர் ஒட்டி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்ததும் உடம்பு கூசியது.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கள் ஹால் ஃபிரிஜ்ஜிலும் அப்படி ஊர்ப்பெயர் ஒட்டிய பாட்டில்கள் இருக்கும். நிலக்கரி நிறுவன ஆய்வகத்தில் கெமிஸ்டாக இருந்த அம்மா, சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்த 'தானே' புயலுக்குப் பிறகு ஞாயிறுதோறும் சுற்றுக் கிராமங்களுக்குப் போய்க் கிணற்றுத் தண்ணீர் எடுத்து வருவாள். திங்களன்று சோதிக்கும்வரை அது எங்கள் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

ஒருநாள் என் தோழி தாகத்தில் அதிலொன்றைத் திறந்தாள்.

"ஐயோ, அது கிராமத்துத் தண்ணி! குடிக்காத!" என்று கத்தினேன்.

வாசலில், தன் ஊர்த் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்க வந்த ஒரு பெண் நின்றிருந்தார்.

"நாங்க அதத்தான் பாப்பா குடிச்சிக்கினு இருக்கோம்," என்றார்.

அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. அவருக்கு ஒரு சொம்பு நிறைய எங்கள் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "மிச்சத்த எம்புள்ளைக்கு எடுத்துக்கினு போவட்டுங்களா?"