சர்ச் ஜீப்பும் எங்கள் நர்ஸும்: கிளென்மார்கன் போய் வந்தேன்

கோவையில் நாங்கள் சிலர் சேர்ந்து சிறிய அறக்கட்டளை ஒன்று நடத்துகிறோம். படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே நர்ஸை அனுப்புவதுதான் வேலை. போன ஜூனில் நீலகிரியில் கிளென்மார்கன் பக்கத்திலிருந்து ஒரு ஃபாதர் போன் செய்தார். தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் நோயாளிகள் இருக்கிறார்கள், நர்ஸை நீங்கள் அனுப்புங்கள், ஜீப்பும் டிரைவரும் சர்ச் தரும் என்றார். மதம் மாற்ற எங்கள் பெயரைப் பயன்படுத்தப் பார்க்கிறாரோ என்று எங்கள் எல்லோருக்கும் சந்தேகம். பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். ஃபாதரிடம் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வியாழனே கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்கு பஸ் ஏறி, ஊட்டி போய்ச் சேர பத்தாகிவிட்டது. (சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுத்துவிடுங்கள்.) அங்கிருந்து இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல். பஸ் குறைவு என்பதால் டாக்ஸி பிடித்தேன். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு.

அந்த ஃபாதர் எப்படி, அங்கே யாராவது மதம் மாறினார்களா என்று வழியெல்லாம் டிரைவரைக் கிளறினேன். பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், பைக்காரா ரோட்டில் வேகத்தைக் குறைத்துக் கேட்டார்: "ஏனுங்க, நீங்க வேவு பாக்க வந்தீங்களா?"

எஸ்டேட் பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை.

லைன் வீடுகளில் விசாரித்து முதலில் போய் நின்றது செல்வராணியின் வாசலில்; அவர் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கணவர் முருகேசன் மரக்கிளை வெட்டும்போது விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், முதுகில் படுக்கைப்புண். அறக்கட்டளை என்று சொன்னதுமே செல்வராணி வாசலை மறித்து நின்றுகொண்டார். ஃபாதர் வந்தால் ஜெபம் செய்வாரா என்று கேட்டேன்.

"பண்ணுவாரு. வேணாம்னு சொன்னா ஜீப் வராம போயிருமோன்னு பேசாம இருக்கோம்" என்றவர், "நீங்க போட்டோ எடுப்பீங்களா?" என்று கேட்டார்.

முன்பு கீழேயிருந்து வந்த வேறொரு அமைப்பு முருகேசனின் புண்ணைப் படமெடுத்து, பேனரில் பெரிதாகப் போட்டிருக்கிறது. அதிலிருந்து அவர் வெளியாட்களைத் தொடவே விடுவதில்லை. புண்ணோ ஆழமாகிக்கொண்டே போகிறது.

அதற்குள் ஃபாதரின் ஜீப் வந்து நின்றது. என் டிரைவர்தான் போன் செய்திருக்கிறார்! நாளைக்குத்தானே வருவதாகச் சொன்னீர்கள் என்றார் ஃபாதர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கோவையில் எங்களைப் பற்றித் தானும் விசாரித்ததாக அவரே சொன்ன பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

செல்வராணி எங்கள் இருவரையும் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"நர்ஸும் வரட்டும், ஜீப்பும் வரட்டும். போட்டோ வேணாம். நாங்க கேக்காம ஜெபமும் வேணாம். உங்களுக்குள்ள சண்டை வந்து ஒருத்தர் வர்றத நிறுத்திட்டாலும் இன்னொருத்தர் நிறுத்தக் கூடாது."

ஃபாதரின் முகம் வாடியது. முன்பே சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனே என்றார்.

"எப்படிங்க ஃபாதர் சொல்றது?" என்றார் செல்வராணி.

எனக்கும் சிக்கல்தான். படம் கேட்கும் நன்கொடையாளர்கள் எங்களுக்கு நிறைய. ஆனாலும் இருவரும் ஒப்புக்கொண்டோம்.

இப்போது வாரம் ஒருமுறை எங்கள் நர்ஸ் அவர்கள் ஜீப்பில் போகிறார். படம் இல்லையென்றதும் சில நன்கொடையாளர்கள் விலகிவிட்டார்கள். முருகேசன் முதல் இரண்டு தடவை நர்ஸைத் திருப்பி அனுப்பினார். பிறகு இணங்கினார், புண் ஆறி வருகிறது. ஜெபம் நடக்கிறதா என்று நான் இன்னமும் நர்ஸிடம் விசாரிக்கிறேன். நாங்கள் படம் எடுக்கிறோமா என்று ஃபாதர் செல்வராணியிடம் விசாரிக்கிறாராம்.

இப்படி ஒரு கூட்டுவேலைக்குப் போகிறவர்களுக்கு: சர்ச் அலுவலகத்திலும் வேண்டாம், உங்கள் அலுவலகத்திலும் வேண்டாம், நோயாளியின் வீட்டில் வைத்துப் பேசுங்கள். ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஸ்வெட்டர் அவசியம். பனிமூட்டம் இறங்கும் முன் திரும்பிவிடுங்கள்.

போன வாரம் செல்வராணி போன் செய்தார். அடுத்த லைனில் ஒரு அம்மாவுக்குப் பக்கவாதமாம். நர்ஸை உடனே அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். முதல்ல நீங்களும் ஃபாதரும் வாங்க. அவங்க உங்களை நல்லா சந்தேகப்பட்டு முடிக்கட்டும்."