பிச்சுமணி வெட்டிய தலை

பார்சிப்பனி என்ற அமெரிக்க ஊரில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த பிச்சுமணி, வார நாட்களில் கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். மேனேஜர் திட்டினால் தேங்க்யூ சொல்வார். சனி, ஞாயிறுகளில் கொலை செய்வார்.

கம்யூனிட்டி காலேஜ் மாலை வகுப்பில் அவர் கற்றது, மறுமலர்ச்சிக் கால இத்தாலியர்களின் செப்புத்தகட்டுச் சித்திரம். கூரிய உளியை உள்ளங்கையால் தள்ளி, தகட்டைக் கோடு கோடாகக் கீற வேண்டும். கோடுகளுக்குள் மை தேய்த்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம். அந்தக் காலத்து மகான்கள் கிரேக்கப் புராணங்களில் ரத்தம் வடியும் இடங்களாகப் பார்த்துச் செதுக்கினார்கள். பிச்சுமணியும் மரபு மீறவில்லை. ஒருவனை உயிரோடு தோலுரித்தார். ஒரு வேட்டைக்காரனை அவன் நாய்களுக்கே போட்டார். 1997இல், சாம்பார் சாதம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மெடூசாவின் கழுத்தில் உளியை வைத்தார்.

கூந்தல் முழுக்கப் பாம்பு நெளியும் அவள் தலையை வீரன் பெர்சியுஸ் வெட்டித் தூக்கி நிற்கும் காட்சி. வீரனின் தொடைச் சதைக்கு மட்டும் ஒரு குளிர்காலம் போயிற்று. சனிக்கிழமை அச்சிட்டுக் காலேஜ் கண்காட்சியில் மாட்ட வேண்டும். வேறு தகடு கிடையாது.

வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்தவர், சமையலறையில் தகடு தகதகப்பதைக் கண்டார். மனைவி ஜலஜா பூஜைச் செம்பு தேய்த்த கையோடு, புளியும் இரும்பு நாரும் போட்டு அதையும் தேய்த்திருந்தாள். வீரனுக்கு முகமில்லை, வாளில்லை. தொடையில் கீறல் மண்டிக் கிடந்தது. தலை மட்டும் ஒரு பாம்பு குறையாமல், குங்குமப் பொட்டோடு இருந்தது.

"கறுத்துக் கெடந்துதேன்னு தேச்சேன். பாம்பைத் தேய்க்கலாமோ? நாகதோஷம்னா," என்றாள்.

பிச்சுமணி தகட்டையே கிழித்துவிட உளியை ஓங்கினார். புளித்தண்ணீரில் வழுக்கி, அது அவருடைய இடது உள்ளங்கையில் இறங்கியது. ரத்தம் மெடூசாவின் கழுத்திலேயே சொட்டியது. அவர் செதுக்கியிருந்ததைவிட இயல்பாகவே இருந்தது.

ஜலஜா மஞ்சளை அப்பித் துணி சுற்றினாள்.

"வெட்டினவன்தானே போனான்? அவ இருக்காளோல்லியோ. அதைப் போடுங்கோ."

போட்டார். கண்காட்சியில், கீறல்களெல்லாம் மை குடித்துக் கிளப்பிய ஒரு கறுப்புப் புயலின் நடுவே தலை தொங்கி முறைத்தது. வெள்ளைக்காரர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இவளை வெட்டியவன் எங்கே, அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

பிச்சுமணி கட்டுப்போட்ட கையால், பட்டுப்புடவையில் நின்ற ஜலஜாவைக் காட்டினார். வெள்ளைக்காரர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.