மூக்கைப் பார்க்காமல் எழுதிய இனப்பெயர்

மைசூருக்கு வெளியே ஒரு விலங்கு மீட்பு மையத்தில் ரெக்கார்ட் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. நான் நிரப்பிய ஃபார்ம்களில் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை.

குண்டலுபேட்டை சாலையில் வனத்துறையினர் ஒரு லாரியைச் சோதனையிட்டு, கடத்தி வந்த இரண்டு கங்காருகளை எங்களிடம் ஒப்படைத்தார்கள். ஆண் செம்மண் நிறம். பெண் சற்றுச் சிறியது, நீலம் கலந்த சாம்பல் நிறம். பேப்பர் எதுவும் இல்லை. டாக்டர் நீண்ட லீவில் இருந்தார். ஃபார்ம் மதியத்துக்குள் போயாக வேண்டும் என்றார் மேலதிகாரி. ஆணுக்கு 'சிவப்பு கங்காரு', பெண்ணுக்கு 'சாம்பல் கங்காரு' என்று எழுதினேன். நிறத்தைப் பார்த்துத்தான்.

பராமரிப்பாளர் பழனிச்சாமி அண்ணன் ஹனூர்க்காரர். மையத்தில் ஏற்கெனவே இருந்த மூன்று சாம்பல் கங்காருகளுக்குப் பல வருடமாகத் தீனி போட்டவர். கையெழுத்துப் போட வந்தவர் தயங்கி நின்றார்.

"அம்மிணி, நம்ம கங்காருக்கு மூக்கு பூராவும் முடி இருக்குமுங்க. இதுக்கு நுனி மொட்டையா இருக்குது. கன்னத்துல வெள்ளைப் பட்டை வேற. அந்த ஆணுக்கும் அப்படியேதானுங்க இருக்குது."

புத்தகத்தில் சாம்பல் என்றால் சாம்பல்தான் என்றேன். உண்மையில் நான் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை.

குவாரன்டைன் முடிந்ததும் ஃபார்ம்படியே எல்லாம் நடந்தது. ஆண், சிவப்பு கங்காரு வைத்திருந்த வேறு மாநில மையத்துக்குப் போனது. பெண்ணைச் சாம்பல் கங்காருகளோடு விட்டார்கள். அங்கிருந்த ஆண் அதை விரட்டிக்கொண்டே இருந்தது. இது வேலியோரமாக ஓடியது, வேலியில் மோதியது. நான்காம் நாள் பின்னங்கால்கள் விறைத்து விழுந்தது. பயந்து ஓடி ஓடித் தசையே கெட்டுவிட்டது என்றார் அந்த வாரம்தான் லீவு முடிந்து வந்திருந்த டாக்டர். மறுநாள் செத்துப்போனது.

போஸ்ட்மார்ட்டத்தில் குறிப்பெழுத நான் நின்றேன். டாக்டர் முதலில் மூக்கைத்தான் பார்த்தார். இது சிவப்பு கங்காருதான், அதில் பெண் பல நேரம் சாம்பல் நிறமாகவே இருக்கும், இப்போது சிவப்பு கங்காருவையும் சாம்பல் கங்காருவையும் வேறு வேறு பேரினமாகவே பிரித்துவிட்டார்கள் என்றார். பிறகு பையைத் திறந்தார். விரல் நீளத்தில், முடி முளைக்காத ஒரு குட்டி காம்பைக் கவ்வியபடி இருந்தது. அதற்கும் உயிரில்லை.

ரெக்கார்டைத் திருத்த அனுமதி கேட்டேன்.

"விடுங்க ஸ்டெல்லா," என்றார் மேலதிகாரி. "செத்ததுக்கு எந்தப் பேரா இருந்தா என்ன? சும்னே, தேவையில்லாம ஆடிட்ல கேள்வி வரும்."

அந்த ஃபார்ம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இனம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதலாம். திட்டு வாங்கினாலும் எழுதலாம். எனக்கு இது இரண்டு உயிர் போன பிறகு புரிந்தது. அவற்றுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பழனிச்சாமி அண்ணன் என்மேல் கோபப்படவில்லை. அதன்பிறகு புதிய விலங்கு எது வந்தாலும் நானே போய் அவரைக் கேட்பேன். "எனக்கென்னங்க தெரியும், நீங்க எழுதிக்கங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு, தீனி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.